சிங்கம் ஒரு கட்டத்தில், பச்சையும் செம்மஞ்சளும் இன்னொரு கட்டத்தில்: பிள்ளைக்கு என்ன சொல்வது?

உப்புவெளி அம்மா

எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம் இருக்கிறேன். மகள் தரம் 7. பெப்ரவரி 4 சுதந்திர தின நிகழ்வுக்கு ஒத்திகை நடக்கிறது, ஒரு கட்டுக் கடதாசித் தேசியக் கொடி கொடுத்து ஈர்க்குக் குச்சியில் ஒட்டிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். சனிக்கிழமை மத்தியானம் விறாந்தையில் இருந்து இருவரும் ஒட்டினோம். பாதிக்கு மேல் முடிந்த பிறகுதான் அவள் கத்தினாள், "அம்மா, குச்சியை வால் பக்கம் ஒட்டிப் போட்டீங்கள், பச்சைப் பக்கம்தான் தடிக்கு வரவேணும்" என்று. சரி, பசை காய முதல் கழற்றி மாற்றி ஒட்டத் தொடங்கினோம்.

அப்படி மாற்றும்போது கொடியைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தவள் கேட்டாள்: "சிங்கத்துக்கு மட்டும் ஏன் பெரிய பெட்டி? எங்கட நிறமும் முஸ்லிம் பிள்ளைகளிட நிறமும் ஏன் அந்தப் பெட்டிக்குள்ள இல்லை? சிங்கம் ஏன் வாளைத் தூக்கிக்கொண்டு எங்கட பக்கமே பார்க்குது?" அவளுடைய கூட்டாளிகளில் ஒரு பிள்ளை கிண்ணியா, இன்னொரு பிள்ளையின் அப்பா காலியிலிருந்து வேலைக்கு வந்தவர். மூன்று பேரும் ஒன்றாக இதைக் கதைத்திருக்கிறார்கள் போல.

எனக்குத் தெரிந்தது பாடப்புத்தகத்தில் உள்ளது மட்டும்தான். செம்மஞ்சள் தமிழர், பச்சை முஸ்லிம்கள், நாலு இலையும் அன்பு, கருணை, பிறர் மகிழ்ச்சியில் மகிழ்வது, நடுநிலை. என் அப்பா உயிரோடு இருந்திருந்தால் வேறு விதமாகச் சொல்லியிருப்பார், அவர் சொன்ன விதம் எனக்கு நல்லாகவே நினைவிருக்கிறது. ஆனால் அந்தக் கோபத்தை அப்படியே தூக்கிப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கையில் கொடுக்க மனம் வரவில்லை. புத்தகத்தில் இருப்பதை மட்டும் ஒப்புவித்தாலும் அவள் நம்பமாட்டாள், அவளுக்குக் கண் இருக்கிறது. இந்தக் கொடியை யார், எப்போது, எப்படித் தீர்மானித்தார்கள்? அந்த இரண்டு கோடுகளும் முதலிலிருந்தே இருந்தனவா? சிங்கம் ஏன் அந்தப் பக்கம் பார்க்கிறது? தெரிந்தவர்கள் தயவுசெய்து விளக்கமாக எழுதுங்கள்.

துறைமுக வீதி

தங்கச்சி, நான் துறைமுகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்து ஓய்வு பெற்றவன். கப்பல்களில் கொடிகளைப் பார்த்துப் பார்த்தே கண் பழகிவிட்டது. சிங்கம் பார்க்கும் திசையைப் பற்றி மட்டும் முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அதற்குக் காரணம் கொடி கட்டும் முறையிலேயே இருக்கிறது.

ஒருவன் தடியில் கொடியைக் கட்டித் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்கிறான் என்று வையுங்கள். தடி முன்னால் போகும், துணி பின்னால் பறக்கும். அதிலுள்ள மிருகம் தடியைப் பார்த்து நின்றால்தான் அவனோடு சேர்ந்து முன்னேறுவது போலத் தெரியும், மறுபக்கம் பார்த்தால் பயந்து ஓடுவது போல ஆகிவிடும். அதனால்தான் மிருகம் உள்ள கொடிகளில் அநேகமானவற்றில் அது தடியைப் பார்த்தே நிற்கிறது. ஸ்கொட்லாந்து அரசர் கொடியின் சிவப்புச் சிங்கமும் இப்படித்தான். 1948இல் ஏற்றிய சிங்கக்கொடியில் பச்சையும் இல்லை, செம்மஞ்சளும் இல்லை. அப்போதும் சிங்கம் தடியைத்தான் பார்த்தது. அது பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் கோடுகளைக் கொண்டுவந்து வைத்தது மூன்று வருடம் கழித்து. கொடிக்கலையில் தடிக்குப் பக்கத்திலுள்ள இடம் மதிப்பான இடம் என்றும் ஒரு வழக்கம் இருக்கிறது, அதையும் பிள்ளைக்குச் சொல்லலாம். ஆனால் வாள் தூக்கிய சிங்கத்துக்கு முன்னால் இரண்டு கோடு நின்றால் பார்க்கிறவர்களுக்கு என்ன தோன்றும் என்று அன்றைக்கு யோசித்திருக்க வேண்டும். அந்தக் கேள்வி நியாயமானது, அவளைக் கண்டிக்க வேண்டாம்.

இன்னொன்று. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கொடி பற்றிச் சொல்லப் புத்தகமே தேவையில்லை, கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் கோட்டை வாசலில் நிறுத்திச் சொன்னால் போதும். 1620இல் டென்மார்க்காரன் கப்பலில் வந்து இறங்கினான். 1622இல் கோயிலை இடித்த போர்த்துக்கேயன் 1624இல் அந்தக் கல்லையும் எடுத்துக் கோட்டை கட்டினான். 1639இல் ஒல்லாந்தன் பிடித்தான். 1782 என்ற ஒரே வருடத்தில் மட்டும் அந்தக் கோட்டையில் மூன்று கொடி பறந்திருக்கிறது: ஜனவரியில் ஒல்லாந்தன் கொடியை இறக்கி ஆங்கிலேயன் ஏற்றினான், ஓகஸ்ட் முடிவில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரென் வந்து அதையும் இறக்கினான். பிறகு மறுபடி ஒல்லாந்தன், 1795இலிருந்து ஆங்கிலேயன். அவன் காலத்தில் இலங்கைக்கென்று வைத்திருந்தது ஒரு நீலக் கொடி, மேல் மூலையில் யூனியன் ஜாக், மற்றப் பக்கம் வட்டத்துக்குள் யானையும் தூபியும். இத்தனையும் ஏறி இறங்கின ஊர் இது. கீழே நின்ற சனத்திடம் ஒருவனும் கேட்டு ஏற்றவில்லை.

மூதூர் சரித்திரம்

சகோதரி, நான் மூதூரில் வரலாறு படிப்பிக்கிறேன். உங்கள் மகள் கேட்டது 1951இல் பெரியவர்கள் கேட்ட அதே கேள்வி என்று முதலில் அவளிடம் சொல்லுங்கள். அந்த வயதில் அதைக் கண்டுபிடித்தது சின்ன விசயம் இல்லை.

கதை கண்டியிலிருந்து தொடங்குகிறது. 1815 மார்ச் 2இல் கண்டி ஒப்பந்தம் கையெழுத்தானது, கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் பிடிபட்டு வேலூருக்கு அனுப்பப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தான். அவன் மதுரை நாயக்கர் வழி வந்தவன், இயற்பெயர் கண்ணுச்சாமி. சிங்கக்கொடியைப் பிடித்த கடைசி அரசன் தென்னிந்தியாவிலிருந்து வந்த ஒரு குடும்பத்துப் பிள்ளை என்பதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். கொடியை ஆங்கிலேயர் இங்கிலாந்துக்கு எடுத்துப்போய் லண்டனில் செல்சியில் இருக்கும் பழைய படைவீரர் இல்லத்தில் வைத்தார்கள். நூறு வருடம் அது எப்படியிருக்கும் என்றுகூட இங்கே பெரும்பாலானோருக்குத் தெரியாது. ஈ.டபிள்யூ. பெரேரா என்ற சட்டத்தரணிதான் அதை அங்கே தேடிக் கண்டுபிடித்தார், சிங்களக் கொடிகளைப் பற்றி அவர் எழுதிய நூல் 1916இல் வந்தது. அவர் கண்டுபிடித்த பிறகுதான் அந்தச் சிங்கம் சுதந்திரத்தின் அடையாளமாகச் சுவர்களிலும் பத்திரிகைகளிலும் வரத் தொடங்கியது.

இப்போது 1948. இந்த இடத்தை நான் எப்போதும் நிறுத்திச் சொல்வேன். ஜனவரி 16, சுதந்திரத்துக்கு மூன்று கிழமைகூட இல்லை. கண்டி மன்னனின் சிங்கக்கொடியையே நாட்டின் கொடியாக ஏற்க வேண்டும் என்று பாராளுமன்றத்தில் பிரேரணை கொண்டுவந்தவர் மட்டக்களப்பு உறுப்பினர் முதலியார் ஏ. சின்னலெப்பை. எங்கள் கிழக்கு மாகாணத்தவர், தமிழ் பேசும் முஸ்லிம். பச்சைக் கோடு வேண்டும் என்று அவர் கேட்கவில்லை, கொடி இருந்தபடியே வரட்டும் என்றார். அந்த மனசை நான் மதிக்கிறேன். அதே சமயம் அந்தச் சிங்கத்தைத் தன்னுடையதாக உணராத தமிழ் உறுப்பினர்களின் மறுப்பும் உண்மையானது, அதைப் பிடிவாதம் என்று ஒதுக்க முடியாது. கண்டி அரசனின் கொடியை முழு நாட்டுக்கும் வைத்தால் யாழ்ப்பாண அரசு எங்கே, கிழக்கு எங்கே என்று ஒருவன் கேட்பதில் என்ன பிழை?

பெப்ரவரி 4இல் சிங்கக்கொடி ஏறியது. ஆனால் விசயம் முடியவில்லை, கொடியைத் தீர்மானிக்கப் பிரதமர் டி.எஸ். சேனநாயக்க ஒரு குழு அமைத்தார். தலைவர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க. ஜே.ஆர். ஜெயவர்தன, ஜோன் கொத்தலாவல, எல்.ஏ. ராஜபக்ஷ, மலாய் சமூகத்தவரான ரி.பி. ஜாயா, தமிழர் தரப்பில் ஜி.ஜி. பொன்னம்பலம், செனட்டர் எஸ். நடேசன். இரண்டு வருடத்துக்கு மேல் இழுபட்டது. கடைசியில் சிங்கம் இருந்த இடத்திலேயே இருக்க, அதற்கு வெளியே தடிப்பக்கம் ஒரே அளவில் பச்சையும் செம்மஞ்சளுமாக இரண்டு கோடு, எல்லாவற்றையும் சுற்றி மஞ்சள் கரை என்று முடிவானது. பாராளுமன்றம் ஏற்றது 1951 மார்ச் 2இல், கண்டி ஒப்பந்தம் கையெழுத்தான அதே தேதி. நடேசன் மட்டும் உடன்படவில்லை, தன் மறுப்பைத் தனியாக எழுதிக் கொடுத்தார். அவருடைய வாதத்தின் சாரம் உங்கள் மகள் சொன்னதுதான்: கோடுகள் சிங்கத்தின் கட்டத்துக்கு வெளியே ஒதுங்கி நிற்கின்றன, இது ஒற்றுமையைக் காட்டவில்லை.

மற்றத் தரப்பின் விளக்கத்தையும் சொல்லவேண்டும். மஞ்சள் கரை இரண்டு கட்டங்களையும் சேர்த்துச் சுற்றி வருகிறது, ஆகவே எல்லோரும் ஒரே கரைக்குள் என்கிறார்கள். கொடியைப் பார்த்தால் அதுவும் உண்மை. ஆனால் அதே மஞ்சள் நடுவிலும் இறங்கி இரண்டையும் பிரிக்கிறது. பிள்ளையின் கண்ணில் பட்டது அந்த நடுக்கோடு.

எனக்கு இதில் ஒரு கருத்து உண்டு, நேரடியாகச் சொல்கிறேன். இனத்துக்கு ஒரு நிறம் என்று பங்கு வைத்ததே தவறு. இந்தியாவிலும் முதலில் அப்படித்தான் தொடங்கினார்கள். 1921இல் காந்தி சொன்ன கொடியில் சிவப்பு இந்துக்களுக்கு, பச்சை முஸ்லிம்களுக்கு, வெள்ளை மற்றவர்களுக்கு. எங்களுக்கும் ஒரு நிறம் வேண்டும் என்று சீக்கியர்கள் கேட்டார்கள், அதில் நியாயம் இருந்தது. இப்படியே போனால் எங்கே முடியும் என்று யோசித்து 1931இல் காங்கிரஸ் சிவப்பைக் காவியாக்கி, இந்த நிறங்களுக்கும் மதத்துக்கும் தொடர்பில்லை, இவை துணிவு, உண்மை, நம்பிக்கை போன்ற குணங்களைத்தான் குறிக்கின்றன என்று அறிவித்தது. அவர்கள் 1931இல் விட்ட வழியை நாங்கள் 1951இல் பிடித்தோம். நிறத்தைப் பிரித்துக் கொடுத்தால் ஒவ்வொருவரும் தன் பங்கு எத்தனை அங்குலம் என்றுதான் அளப்பார்கள், என் வகுப்பில் பிள்ளைகள் உண்மையாகவே அடிமட்டம் வைத்து அளந்திருக்கிறார்கள்.

இலைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1951 கொடியில் நாலு மூலையிலும் இருந்தது இலை இல்லை, கோபுரக் கலசத்தின் முனை போன்ற ஒரு வடிவம். 1972 மே 22இல் குடியரசு யாப்பு வந்தபோதுதான் அந்த இடத்தில் வெள்ளரசிலை வந்தது. பௌத்தத்துக்கு முதன்மை இடம் என்று எழுதிய யாப்பும் அதுவேதான். நாலு குணங்களும் உயர்ந்த குணங்கள், யாரும் மறுக்கமாட்டார்கள். ஆனால் மாற்றம் எந்த நாளில், எதோடு சேர்ந்து வந்தது என்பதையும் பிள்ளை தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு எட்டு நாள் முன்னால், மே 14இல், தமிழர் கட்சிகள் ஒன்றுகூடித் தமிழர் ஐக்கிய முன்னணியை அமைத்தது நம் திருகோணமலையில்தான். பிறகு 1978 யாப்பின் 6ஆம் உறுப்புரை, தேசியக் கொடி சிங்கக்கொடி என்று எழுதி, இரண்டாம் அட்டவணையில் படத்தையும் போட்டுவிட்டது.

தையல் அக்கா

பெரிய சரித்திரம் எனக்குத் தெரியாது, ஆனால் இந்தக் கொடியைக் கையால் தைத்திருக்கிறேன், அதனால் எழுதுகிறேன். ஜனவரி கடைசியில் கடைகளுக்கும் ஓட்டோக்களுக்கும் என்று ஓடர் வரும். நீளம் அகலத்தைப் போல இரண்டு மடங்கு. கருஞ்சிவப்புத் துணி சரியான நிறத்தில் கிடைப்பதுதான் பெரிய பாடு, கடையில் தருவது ஒன்றில் இரத்தச் சிவப்பாக இருக்கும், இல்லையென்றால் கத்தரிக்காய் நிறமாக இருக்கும். செம்மஞ்சளும் அப்படித்தான், வெயிலில் இரண்டு நாள் நின்றால் மஞ்சள் கரையோடு கலந்துவிடும். முதலில் வெளுத்துப் போவது எப்போதும் எங்கள் கோடுதான் என்று என் தங்கச்சி ஒருநாள் சொன்னாள், சொல்லிவிட்டு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம்.

ஒரு தடவை ஒருவர் வந்து, கோடு இரண்டும் வேண்டாம், சிங்கம் மட்டும் போதும், அவசரம், கூடக் காசு தருகிறேன் என்றார். என்ன தேவைக்கு என்று கேட்டேன், பதில் சரியாக வரவில்லை. அந்த நாட்களில் ஏதோ ஊர்வலங்களில் கோடில்லாத கொடி பிடிக்கிறார்கள் என்று செய்தியில் பார்த்திருந்தேன். நான் தைக்கவில்லை. அந்தக் கோடுகள் இருக்கிற இடம் எனக்கும் பிடிக்காதுதான், ஆனால் அதையும் வெட்டிவிடக் கேட்டபோது எனக்கு வந்த கோபத்தில்தான் அது எனக்கு எவ்வளவு முக்கியம் என்று விளங்கியது.

உப்புவெளித் தங்கச்சி, கடதாசிக் கொடிக்குக் கோதுமை மாப் பசை போடுங்கள், கடைப் பசை போட்டால் பச்சை நிறம் ஊறிக் குச்சியெல்லாம் படும்.

மணிக்கூட்டுச் சந்தி

துறைமுக வீதி ஐயா, நீங்கள் டென்மார்க்காரன் கொடி வரைக்கும் சொன்னீர்கள், ஆனால் எங்கள் ஊரில் இந்தக் கொடிக்காகவே ஓர் உயிர் போனதைச் சொல்லவில்லை. தெரியாமல் விட்டீர்களா, தெரிந்தே விட்டீர்களா? மூதூர் சேரும் 1951இலிருந்து நேரே 1972க்குத் தாவிவிட்டார். எல்லோரையும் சமாதானப்படுத்துகிற மாதிரி எழுதினால் அந்தப் பிள்ளைக்குக் கிடைப்பது அரைக் கதைதான். எனக்கு வயது 26, இந்தக் கதையை நான் பெரியவர்களிடம் கேட்டுத்தான் அறிந்தேன், பள்ளிக்கூடத்தில் ஒரு வரிகூட இல்லை.

துறைமுக வீதி

தம்பி, தெரிந்தேதான் விட்டேன். தாய் கேட்டது பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு என்றபடியால் கை வரவில்லை. நீர் கேட்டதும் சரி, சொல்கிறேன்.

நான் பிறந்தது 1949. 1957 பெப்ரவரி 4 அன்று எனக்கு ஏழு வயது. முந்தின வருடம்தான் சிங்களம் மட்டும் சட்டம் வந்திருந்தது, அதனால் அந்தச் சுதந்திர தினத்தைத் துக்க நாளாக்கிக் கறுப்புக்கொடி கட்டச் சொல்லியிருந்தார்கள். திருமலை நடராசன் என்று இன்றைக்கும் ஊர் சொல்கிற அந்த இளைஞர் கறுப்புக்கொடி ஏற்றப் போனபோது சுட்டுக் கொல்லப்பட்டார். எனக்கு அன்றைய நாளில் நினைவிருப்பது அம்மா கதவைச் சாத்தி உள்ளே இருத்தியது மட்டும்தான், மற்றதெல்லாம் பிறகு கேட்டு அறிந்தது. கேட்டதை நேரில் கண்டது போலச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

ஆனால் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். அப்பாவுக்கு டொக்யார்ட்டில் வேலை. சுதந்திரம் கிடைத்து ஒன்பது வருடமாகியும் துறைமுகம் பிரித்தானியக் கடற்படையின் கையில்தான் இருந்தது, 1957 ஒக்டோபர் 15இல்தான் திருப்பிக் கொடுத்தார்கள். வெள்ளைத் துணியில் சிவப்புச் சிலுவை போட்டு, மூலையில் யூனியன் ஜாக் வைத்த அவர்களுடைய கொடி காலையில் ஏறி மாலையில் இறங்குவதை நான் பார்த்திருக்கிறேன். கணக்குப் பாரும் தம்பி. அந்தப் பெப்ரவரியில் துறைமுகத்தில் வெள்ளைக்காரன் கொடி யாரும் கை வைக்காமல் பறந்துகொண்டிருந்தது. கறுப்புத் துணி ஒன்றைக் கட்டப் போன உள்ளூர்ப் பிள்ளை மீதுதான் குண்டு பாய்ந்தது. அறுபது வருடத்துக்கு மேலாகியும் இதை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

தோட்டத்துப் பேரன்

நாங்கள் 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து இந்தப் பக்கம் வந்து குடியேறின குடும்பம். செம்மஞ்சள் தமிழருக்கு என்று எல்லோரும் இவ்வளவு எழுதுகிறீர்கள், எந்தத் தமிழருக்கு என்று யாரும் கேட்கவில்லை. 1948இல் குழு அமைத்த அதே வருடத்தில்தான் குடியுரிமைச் சட்டம் வந்தது, என் தாத்தா பாட்டி உட்பட லட்சக்கணக்கான தோட்டத் தமிழர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் பல ஆசனங்கள் வென்றது, அடுத்த தேர்தலில் அந்தச் சனத்துக்கு வாக்கே இல்லை. 1951இல் தமிழருக்கு என்று கொடியில் ஒரு கோடு வைத்து வாக்கெடுத்தபோது என் தாத்தா கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தார், எந்த நாட்டுக்காரர் என்று அவருக்கே சொல்லத் தெரியாது. 1964 ஒப்பந்தத்தில் பாதிப் பேருக்கு மேல் இந்தியாவுக்கு அனுப்ப முடிவெடுத்தார்கள், எங்கள் குடும்பமும் இரண்டாகப் பிரிந்தது, பெரிய தாத்தா ஆட்கள் நீலகிரியில் இருக்கிறார்கள். கடைசி மிச்சம் பேருக்குக் குடியுரிமை கொடுக்கச் சட்டம் வந்தது 2003இல்.

எனக்கு அந்தக் கோடு உள்ளேயா வெளியேயா என்பது இரண்டாவது கேள்வி. குழுவில் இருந்த தமிழ்த் தலைவர்களும் அன்றைக்கு எங்களுக்காக எவ்வளவு தூரம் நின்றார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் அக்கா. உங்கள் பிள்ளையின் வகுப்பில் எங்கள் பிள்ளைகளும் இருப்பார்கள்.

உப்புவெளி அம்மா

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு நாளாகத் திரும்பத் திரும்ப வாசித்தேன், சில இடங்களில் கண் கலங்கியது. தோட்டத்துப் பேரன் தம்பி, நீங்கள் சொன்னது எனக்கு உண்மையாகவே தோன்றியதில்லை, மன்னியுங்கள்.

நேற்றுப் பின்னேரம் மகளைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். துறைமுக வீதி ஐயா சொன்னபடி கோட்டை வாசலில் நின்று ஒவ்வொரு கொடியாகச் சொன்னேன். 1782இல் மூன்று கொடி என்றதும் விரல் விட்டு எண்ணினாள். பிறகு சிங்கம் தடியைப் பார்ப்பதன் காரணத்தைச் சொல்லி, கையில் இருந்த கடதாசிக் கொடியைப் பிடித்து நடந்து காட்டச் சொன்னேன். நடந்தாள், திருப்பிப் பிடித்தும் நடந்தாள், "ஓம், இப்ப ஓடுற மாதிரி இருக்கு" என்றாள். குழுவில் ஒருவர் அவள் சொன்னதையே எழுதிக் கொடுத்தார் என்றதும் அவளுக்கு நம்ப முடியவில்லை. "அப்ப ஏன் மாத்தேல்லை?" என்று கேட்டாள். மற்ற எல்லோரும் சரி என்று சொன்னார்கள், அவர் ஒருவர்தான் மறுத்தார் என்றேன். நடராசனைப் பற்றியும் சொன்னேன். எல்லாம் சொல்லவில்லை, ஆனால் பெயரையும் தேதியையும் மறைக்கவில்லை. வீட்டுக்கு வந்து தன் கொப்பியில் ஒரு கொடி கீறியிருக்கிறாள், சிங்கம் இருக்கிறது, வாள் இருக்கிறது, ஆனால் நடுவில் இறங்கும் மஞ்சள் கோட்டை விட்டுவிட்டாள். கிண்ணியாப் பிள்ளைக்கும் மற்றப் பிள்ளைக்கும் நாளைக்குக் காட்டப் போகிறாளாம்.

மூதூர் சேர், ஒரு கேள்வி மட்டும். நடேசன் எழுதிய அந்த மறுப்பைத் தானே வாசிக்க வேண்டும் என்று நிற்கிறாள். எங்கே தேடுவது?

மூதூர் சரித்திரம்

1951 மார்ச் மாதப் பாராளுமன்ற விவாதங்கள், அதாவது ஹன்சாட், அங்கேயிருந்து தொடங்குங்கள். ஆங்கிலத்தில்தான் இருக்கும், அவளுக்கு இப்போதைக்குக் கடினம். பழைய தொகுதிகள் எந்த நூலகத்தில் இருக்கின்றன என்று நான் விசாரிக்கிறேன், கையில் கிடைத்தால் அந்தப் பகுதியை அவளுக்கு விளங்குகிற தமிழில் எழுதி இங்கேயே போடுகிறேன். கொஞ்சம் நாள் எடுக்கும், பரீட்சைத் தாள் திருத்தும் வேலை இருக்கிறது. அதுவரைக்கும் அவள் கீறிய படத்தைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள்.